ஜெர்மன் சிற்பிகளின் பீங்கான் சிலைகள்: புரட்டிப் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பீங்கான் சிலை ஒன்றைக் கையில் கொடுத்தால் பலரும் முதலில் அதைத் தலைகீழாகத்தான் புரட்டுவார்கள். அடியில் நீல நிறத்தில் இரண்டு வாள்கள் தெரிந்துவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே பேசப்போவது சுமார் 1900 முதல் 1935 வரை ஜெர்மனியில் சிற்பிகள் வடிவமைத்த பீங்கான் உருவங்களைப் பற்றி. மைசன், பெர்லின், நிம்ஃபன்பூர்க், ரோசன்தால், துரிங்கியாக் காட்டுப்பகுதியின் உன்டர்வைஸ்பாக் என்று ஊர்களும் நிறுவனங்களும் பல. சில சிலைகளின் பீடத்தில் சிற்பியின் பெயர் இருக்கும், ஏல அட்டவணையிலும் அவர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பொருளைச் சிற்பி தொட்டுக்கூட இருக்க மாட்டார். அச்சு எடுத்தவர் ஒருவர், துண்டுகளை ஒட்டியவர் இன்னொருவர், கண் எழுதியவர் மூன்றாமவர். சிற்பியின் வேலை எங்கே முடிந்தது, தொழிற்சாலைக் கைகள் எங்கே தொடங்கின என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அசல், நகல், பழையது, புதியது எல்லாம் மெல்ல மெல்லப் பிடிபடும்.

படி 1: சிற்பிகள் ஏன் அழைக்கப்பட்டார்கள்?

மைசன் தொழிற்சாலை 1710இல் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் கெண்ட்லர் என்ற சிற்பி செய்த மாதிரிகள் அதற்குப் பெரும்புகழ் தந்தன. சிக்கலும் அங்கேதான். அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதே ஆடு மேய்க்கும் பெண்ணும் அதே சிறகு முளைத்த குழந்தைகளும் அதே அச்சிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். விற்பனைக்குக் குறைவில்லை, புதுமைதான் இல்லை. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சி நடந்தபோது, மங்கிய நீலமும் சாம்பலும் கலந்த கோபன்ஹேகன் பீங்கான் ஐரோப்பாவின் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. ஜெர்மன் தொழிற்சாலைகளுக்கு உறைத்தது.

மைசனுக்கு உள்ளேயே வேலை பார்த்த கொன்ராட் ஹெண்ட்ஷெல் (1872–1907) முதல் உடைப்பைச் செய்தவர்களில் ஒருவர். அவருடைய குழந்தைகளுக்குச் சிறகு கிடையாது. சாதாரண வீட்டுச் சட்டையில் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக் குடிக்கும் குழந்தை, பொம்மையோடு விளையாடும் குழந்தை, அவ்வளவுதான். முப்பதுகளின் நடுவிலேயே இறந்துபோனார். அந்தக் குழந்தைகள் மட்டும் இன்றும் மைசனில் வார்க்கப்படுகிறார்கள்.

பெர்லின் அரசுத் தொழிற்சாலையின் கதை வேறு மாதிரி. 1905இல் பட்டத்து இளவரசர் வில்ஹெல்முக்கும் செசிலிக்கும் திருமணம் நடந்தது. விருந்து மேசையில் நிறுத்துவதற்காக அடோல்ஃப் அம்பெர்க் என்ற சிற்பி ஒரு திருமண ஊர்வலத்தையே வடிவமைத்தார். மணமகள் காளை மீதேறிய யூரோப்பா, மணமகன் குதிரை மீது ரோமானியப் பேரரசன், பின்னால் பல தேசத்து மக்கள். வெள்ளியில் செய்ய நினைத்தது, அரண்மனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு பெர்லின் தொழிற்சாலை அதைப் பீங்கானில் செய்தது. அரண்மனை வேண்டாமென்று தள்ளியதுதான் இன்று அந்தத் தொழிற்சாலையின் அந்தக் காலத்துப் பெருமை.

மூன்றாவதாக ஒரு பெயரை நினைவில் வையுங்கள்: மாக்ஸ் அடோல்ஃப் பைஃபர். அவர் சிற்பி அல்ல, நிர்வாகி. 1909இல் உன்டர்வைஸ்பாக்கில் ஷ்வார்ட்ஸ்பூர்க் பீங்கான் கலைப் பட்டறையைத் தொடங்கி, தொழிற்சாலைக்கு வெளியே இருந்த சிற்பிகளை மாதிரி செய்ய அழைத்தார். எர்ன்ஸ்ட் பார்லாஹ், கெர்ஹார்ட் மார்க்ஸ் போன்றவர்கள் அப்படி வந்தவர்கள். பிறகு பைஃபர் மைசனுக்குப் போனார், முதல் உலகப் போருக்குப் பின் அதன் இயக்குநரானார், 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவி இழந்தார். மைசன் முத்திரையில் அவர் காலத்துக்கென்று ஓர் அடையாளம் இருக்கிறது. அதைப் படி 4இல் பார்ப்போம்.

படி 2: எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது.

சிற்பி களிமண்ணிலோ வேறு மென்பொருளிலோ ஒரு மாதிரி செய்து கொடுப்பார். அதைப் பிளாஸ்டரில் வார்த்து, பிறகு மனம் இரங்காமல் துண்டு துண்டாக அறுப்பார்கள். தலை தனி, கை தனி, விசிறி தனி, பாவாடை மடிப்பு தனி. ஒவ்வொரு துண்டுக்கும் பல பாகங்கள் கொண்ட பிளாஸ்டர் அச்சு. அச்சில் பீங்கான் களிக்குழம்பை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சுவரோரமாக ஒரு தோல் கட்டும், மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். அதனால்தான் இந்தச் சிலைகள் உள்ளே குடைவாக இருக்கின்றன.

ஈரம் காயாத துண்டுகளை அதே குழம்பைப் பசையாக வைத்து ஒட்டுகிறவருக்கு ஜெர்மனில் போஸியரர் என்று பெயர். ஒட்டுவதோடு அவர் வேலை முடிவதில்லை. அச்சுக் கோடுகளைச் சுரண்டுவது, மழுங்கிய மூக்கைத் திருத்துவது, விரல்களைப் பிரிப்பது, முடியிழையைக் கீறுவது எல்லாம் அவர்தான். ஒரே மாதிரியிலிருந்து வந்த இரண்டு சிலைகளில் ஒன்று உயிரோடும் மற்றொன்று சவமாகவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இவர்தான். இவர் பெயர் எந்த அட்டவணையிலும் வராது, அடியில் ஓர் எண்ணாக மட்டும் மிஞ்சும்.

பிறகு சூளை. முதல் சூடு சுமார் 900 டிகிரி. அதன்பின் மெருகில், அதாவது வெந்ததும் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சில், முக்கி எடுத்து 1400 டிகிரியையொட்டிய இரண்டாம் சூடு. இந்தச் சூட்டில் பீங்கான் இளகும், அதோடு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். 30 செ.மீ. சிலை வேண்டுமென்றால் மாதிரி 36 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நகலைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

இளகும் என்றேன். நீட்டிய கை தொங்கிவிடும், ஒற்றைக் காலில் நிற்பவள் சாய்ந்துவிடுவாள். சூளைக்குள் அதே களியால் செய்த முட்டுகள் கொடுத்துத் தாங்குவார்கள். சிலையோடு சேர்ந்து முட்டும் சுருங்கும், வெந்த பிறகு எடுத்துவிடலாம். முழு எடையையும் முட்டால் மட்டும் தாங்க முடியாது என்பதால் சிற்பியும் உருவத்துக்குள்ளேயே ஒரு தாங்கலை ஒளித்து வைக்க வேண்டும். பழைய சிலைகளில் காலுக்குப் பின்னால் காரணமே இல்லாமல் ஒரு மரக்கட்டை முளைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அலங்காரமல்ல, முட்டுக்கால்.

படி 3: மேசையில் நிறுத்தி, சுற்றி வந்து பாருங்கள்

இன்னும் புரட்ட வேண்டாம். ‘இந்த உருவம் எதனால் நிற்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள்.

பார்லாஹ் நல்ல எடுத்துக்காட்டு. 1906இல் அவர் ரஷ்யப் பேரரசின் தென்பகுதிக்குப் போய், அங்கே பார்த்த பிச்சைக்காரர்களையும் குடியானவர்களையும் மனதில் சுமந்துகொண்டு திரும்பினார். அதற்கு முன்பே மட்பாண்டப் பட்டறையில் வேலை செய்தவர், மட்பாண்டப் பள்ளியில் சில காலம் சொல்லிக்கொடுத்தவர். களி என்ன செய்யும், சூளை என்ன செய்யும் என்று அவருக்குக் கை அறியும். ஷ்வார்ட்ஸ்பூர்க் பட்டறை வார்த்த ‘ரஷ்யக் காதலர்கள்’, ‘உறங்கும் நாடோடிகள்’ போன்றவற்றைப் பாருங்கள். கனத்த அங்கிக்குள் உடம்பு முழுக்க ஒரே கட்டியாக அடங்கியிருக்கும். துருத்தும் கையில்லை, முட்டுக்கால் இல்லை, அங்கியே தாங்கல். மடிப்புகள் அகலமாக இருப்பதால் மெருகு ஓடி நிரம்பினாலும் வடிவம் மழுங்குவதில்லை. பெரும்பாலும் வண்ணமே பூசாமல் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். என் கணக்கில், பீங்கானின் இயல்புக்குப் பணிந்தபடியே தன் குரலையும் விடாதவர் அந்தத் தலைமுறையில் இவர்தான். பின்னாளில் நாஜிகள் இவருடைய படைப்புகளைச் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி அருங்காட்சியகங்களிலிருந்து நூற்றுக்கணக்கில் அகற்றினார்கள். அவர் 1938இல் இறந்தார்.

நேரெதிர் முனையில் பால் ஷொய்ரிஷ் (1883–1945). நியூயார்க்கில் பிறந்து பெர்லினில் வளர்ந்தவர், ஓவியர், நூல் அலங்காரக் கலைஞர். முதல் உலகப் போருக்குச் சற்று முன் ரஷ்ய பாலே நடனக்காரர்களை மைசனுக்காகச் செய்தார், 1920களில் அவருடைய மெலிந்த சீமாட்டிகள் வந்தார்கள். நீண்ட கழுத்து, விரிந்த விசிறி, காற்றில் மிதப்பதுபோல் துணி. பீங்கானுக்கு ஆகாத எல்லாவற்றையும் கேட்கிறார் என்றே தோன்றும். ஆனால் உற்றுப் பாருங்கள், பாவாடை நுனியோ தரைவரை வழியும் துணியோ ஓரிடத்தில் பீடத்தைத் தொட்டிருக்கும். தாங்கல் இருக்கிறது, கண்ணுக்குப் படாமல் இருக்கிறது. வண்ணமும் கஞ்சமாகத்தான்: உதட்டில் ஒரு தீற்று, துணி ஓரத்தில் ஒரு கோடு, மிச்சம் வெள்ளை.

மாக்ஸ் ஏஸ்ஸர் விலங்குகளில் கைதேர்ந்தவர். அவருடைய நீர்நாய் மெருகில்லாத செம்பழுப்புக் கற்களியில் செய்தது. மைசனின் ஆரம்ப நாட்களில் போட்கர் கண்டுபிடித்த அந்தக் களியைப் பைஃபர் காலத்தில்தான் தூசு தட்டி மறுபடி எடுத்தார்கள். மெருகு இல்லாததால் கருவி பட்ட கோடு பட்டபடியே நிற்கும். இப்படிப்பட்ட சிலை கையில் கிடைத்தால் ‘இது பீங்கானே இல்லையே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 4: இப்போது புரட்டலாம்

மேசையில் மடித்த துண்டை விரித்து, பீடத்தைப் பிடித்துப் படுக்க வையுங்கள். கையையோ விசிறியையோ பிடித்துத் தூக்கினால் அது உங்கள் கையோடு வந்துவிடும்.

மைசன். மெருகுக்கு அடியில் நீலத்தில் குறுக்கிட்ட இரு வாள்கள். கைப்பிடி நுனியில் சிறு குமிழ் இருந்தால் 1924க்கு முந்தியது. வாள்முனைகளுக்கு நடுவே ஒரு புள்ளி இருந்தால் 1924 முதல் 1934 வரையிலான பைஃபர் காலம். ஷொய்ரிஷ் சிலைகளைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் புள்ளிதான் உயிர். வாள்களின் குறுக்கே வெட்டுக்கோடு இருந்தால் கவனம் தேவை. தரத்தில் கழிக்கப்பட்டதாக இருக்கலாம், அல்லது வண்ணமில்லாமல் வெள்ளையாகவே விற்கப்பட்டதாக இருக்கலாம். வெள்ளையாக வாங்கி வெளியே வண்ணம் பூசி விற்பது நெடுநாள் பழக்கம். வெட்டுக்கோடும் பளிச்சென்ற வண்ணமும் ஒரே சிலையில் இருந்தால் அந்த வண்ணம் மைசனுடையதுதானா என்று சந்தேகப்படுங்கள்.

வாள்களோடு எண்கள் இருக்கும். களியில் கீறிய எழுத்தும் எண்ணும் மாதிரியைக் குறிக்கும். அழுத்திப் பதித்த எண் ஒட்டியவருடையது. தூரிகையால் எழுதியது வண்ணம் பூசியவருடையது. மூன்று எண்கள், மூன்று மனிதர்கள். கீறிய எண்ணைத்தான் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். அழுத்திய எண்ணை மாதிரி எண் என்று நினைத்துத் தேடித் தேடி அலுத்தவர்கள் நிறையப் பேர்.

பெர்லின். நீலச் செங்கோல். தொழிற்சாலையில் வண்ணம் பூசியதற்கு அடையாளமாகச் சிவப்பில், மேலே சிலுவை வைத்த ஓர் உருண்டையும் கே.பி.எம். எழுத்துகளும் (அரச பீங்கான் தொழிற்சாலை என்பதன் ஜெர்மன் சுருக்கம்). இந்த மூன்றெழுத்தை மட்டும் நம்பாதீர்கள், வேறு தொழிற்சாலைகளும் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன. செங்கோல்தான் கணக்கு.

ஷ்வார்ட்ஸ்பூர்க். ஓடும் நரி. களியில் பதித்திருப்பதால் மெருகில் சற்று மங்கித் தெரியும், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

ரோசன்தால். பச்சை நிறத்தில் கிரீடமும் குறுக்கிட்ட கோடுகளும் ரோஜாவும், ஸெல்ப் என்ற ஊர்ப்பெயரும். 1910 வாக்கில் தனியாகக் கலைப்பிரிவு தொடங்கினார்கள். சிற்பியின் பெயரைப் பீடத்தின் ஓரத்தில், எல்லோருக்கும் தெரியும்படி பதித்தது இவர்களிடம் வழக்கம். தனியார் நிறுவனம், கலைஞரின் பெயர் விற்பனைக்கு உதவும் என்று புரிந்துவைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அச்சிலேயே இருப்பது, சிற்பி உட்கார்ந்து போட்ட கையெழுத்து அல்ல.

நிம்ஃபன்பூர்க். பவேரியக் கேடயத்தில் சாய்சதுரக் கட்டங்கள், அழுத்திப் பதித்தது. யோசெஃப் வாக்கர்லே என்ற சிற்பி அங்கே இருந்த காலத்து நாகரிகச் சீமாட்டிகள் தேடத் தகுந்தவர்கள்.

முத்திரை பார்த்து முடித்ததும் அடிப்பகுதியையே பாருங்கள். எங்காவது ஒரு சிறு துளை இருக்கும். குடைவான சிலைக்குள் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெடிக்காமலிருக்க விட்ட வழி அது. ஓட்டை என்று பயந்து விலை பேசியவரை நான் பார்த்திருக்கிறேன், விற்றவரும் குறைத்தார்!

படி 5: அளவுகோலை எடுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. ஒரு நகல்காரர் அசல் சிலையை வாங்கி, அதன்மேல் அச்சு எடுத்து, பீங்கானில் வார்க்கிறார் என்று வையுங்கள். அவருடைய வார்ப்பும் சூளையில் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அசல் 30 செ.மீ. என்றால் நகல் 25 செ.மீ. பக்கம் வந்து நிற்கும். அருங்காட்சியகம் அல்லது ஏல அட்டவணை தரும் உயரத்தோடு ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் சூளைக்குச் சூளை வரும், அது இயல்பு. மூன்று நான்கு செ.மீ. குறைந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

சுருங்குவதோடு விவரமும் மழுங்கும். மெருகு பூசிய பரப்பின்மேல் அச்சு எடுத்து, அதன்மேல் மறுபடி மெருகு பூசினால் காது மடல், விரல் இடுக்கு, கண்ணிமை எல்லாம் சோப்புக் கட்டிபோல் வழுவழுத்துவிடும். முகத்தைவிட விரல்களைப் பார்ப்பது நல்லது. முகத்தை வண்ணத்தால் ஏமாற்றலாம், விரல் இடுக்கை முடியாது.

படி 6: ஒட்டு, பூச்சு, விரிசல்

வாக்களித்த கதை இதுதான். நடனமாடும் பெண் ஒருத்தியைப் படம் பார்த்து வாங்கினேன். முத்திரை சரி, உயரம் சரி, எண் சரி. வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் துடைக்கும்போது வலது முன்கை மட்டும் கொஞ்சம் கதகதப்பாகப் பட்டது. பீங்கான் எப்போதும் சில்லென்றிருக்கும். புற ஊதா டார்ச் வாங்கி இருட்டில் அடித்தேன், முழங்கையிலிருந்து விரல்வரை வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. உடைந்த கையைப் பிசினால் செய்து, மேலே தெளிப்பான் வண்ணம் அடித்திருந்தார்கள். வேலை என்னவோ அருமையான வேலை.

ஆகவே வாங்கும் முன் நான்கு சோதனை. தொட்டுப் பாருங்கள், சில்லிப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். நகத்தால் மெல்லத் தட்டுங்கள், மெருகு கணீரென்னும், பூச்சு மொத்தென்னும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பல்லில் லேசாகத் தட்டிப் பார்ப்பது இன்னும் நுட்பமாகக் காட்டும். கடைசியாகப் புற ஊதா ஒளி. தொலைவிலிருந்து வாங்கினால் அடிப்பகுதி, இரு கைகள், கழுத்து, மணிக்கட்டு என்று தனித்தனிப் படம் கேளுங்கள். உடைவது எப்போதும் அங்கேதான்.

எல்லா விரிசலும் குற்றமல்ல. சூளையில் விழுந்த விரிசலின் ஓரம் உருண்டையாக இருக்கும், மெருகு உள்ளே வழிந்திருக்கும், பீடத்தின் அடியில் இது சகஜம். பிற்பாடு விழுந்த விரிசல் மயிரிழைபோல் கூர்மையாக, பெரும்பாலும் அழுக்கேறி இருக்கும். மெருகில் ஒன்றிரண்டு கரும்புள்ளி இருப்பதும் களியில் கலந்த இரும்புத்துகளின் வேலை, அதற்காக மனம் நோக வேண்டாம்.

படி 7: எந்தக் காலத்து வார்ப்பு?

‘ஷொய்ரிஷ், 1920கள்’ என்று விற்பனையாளர் எழுதினால், மாதிரி 1920களில் செய்யப்பட்டது என்று மட்டுமே பொருள். மைசனும் பெர்லினும் தங்கள் பழைய மாதிரிகளை இன்றும் வார்க்கின்றன. ஹெண்ட்ஷெலின் கோப்பைக் குழந்தையைப் புதிதாகவே வாங்கலாம். அதுவும் அசல்தான், ஆனால் குமிழ் வாள் உள்ள பழைய வார்ப்பின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய வார்ப்புதான் எப்போதும் மேல் என்று சொல்லவும் மாட்டேன். சிற்பி உயிரோடிருந்து மாதிரி புதிதாக இருந்தபோது ஒட்டியவர்களுக்கு அவருடைய எண்ணம் தெரிந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். வண்ணத்தில் அது பளிச்சென்று தெரிகிறது: பழைய ஷொய்ரிஷ் சிலைகளில் வெள்ளைக்கு இடம் விட்ட அடக்கத்தை எல்லாப் பிற்கால வார்ப்பிலும் நான் காண்பதில்லை. வாய்ப்புக் கிடைத்தால் ஒரே மாதிரியின் இரண்டு வார்ப்புகளை அருகருகே வைத்து, கண்ணை மட்டும் பாருங்கள். ஒன்றின் பார்வை வேறெங்கோ போகும்.

படி 8: வீட்டில்

துவைக்கும் சோடாவோ பாத்திரம் கழுவும் இயந்திரமோ கூடாது. தொட்டியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு மென்சோப்பு, மிருதுவான தூரிகை. பொன்கோடுகள் மேல் தேய்க்கவே தேய்க்காதீர்கள், பொன் மெருகுக்கு மேலே இருக்கிறது, போய்விடும். ஒட்டுவேலை இருப்பதாகச் சந்தேகம் என்றால் தண்ணீரே வேண்டாம், உலர்ந்த தூரிகை போதும். கழுவும் முன் அடியிலுள்ள காற்றுத் துளையை ஒரு துண்டு மெழுகால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் நாள்கணக்கில் சொட்டும், அலமாரிப் பலகையில் வட்டம் விழும். கழுவி முடித்ததும் மெழுகை எடுத்துவிட்டு, பீடத்தைக் கீழே வைத்து ஒருநாள் நிழலில் விடுங்கள்.